அசிமிலேஷன்: எது எதுவாக மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதும், மற்றவர்கள் மொழிபெயர்த்ததைத் திருத்துவதும் என் பிழைப்பு. பள்ளிப் பாடம், தொண்டு நிறுவன அறிக்கை, மருத்துவத் துண்டறிக்கை என்று எது வந்தாலும் செய்வேன். திரும்பத் திரும்ப என்னை மடக்கி உட்கார வைக்கும் சொற்களில் ஒன்று அசிமிலேஷன். ஆசிரியர்கள், பி.எட். படிப்பவர்கள், புதிதாக மொழிபெயர்க்க வந்தவர்கள், வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள் என்று பலரும் கேட்டவற்றை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள். அசிமிலேஷன் என்றால் என்ன?

ஒன்று இன்னொன்றைப் போல ஆகிவிடுவது. அல்லது, ஒன்று இன்னொன்றை எடுத்துத் தன் பாகமாகவே ஆக்கிக்கொள்வது.

ஒரு வரி கேட்டீர்கள், இரண்டு வந்துவிட்டது, வேறு வழியில்லை. தின்ற சோறு சதையாவதும் அசிமிலேஷன்தான், ஊர் மாறிப் போனவர் அந்த ஊர்க்காரராகவே ஆகிவிடுவதும் அசிமிலேஷன்தான். முதலாவதில் தின்றவரைப் பற்றிப் பேசுகிறோம், இரண்டாவதில் தின்னப்பட்டவரைப் பற்றி. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடுகிறது. தமிழில் எழுத உட்கார்ந்தால் எது எதுவாக மாறுகிறது என்று கேட்டுக்கொள்ளாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது.

அகராதியில் ஐந்தாறு தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. எதைப் போடுவது?

துறையைப் பார்த்துப் போட வேண்டும். உயிரியலில் தன்மயமாதல், தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதுதான் வழக்கம். மொழியியலில் ஓரினமாதல். கல்வி உளவியலில் தன்வயமாக்கல், தன்மயமாக்கல் என்று புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். ஒன்றைத் தொட்டால் கடைசிப் பக்கம் வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். சமூகம் பற்றிய எழுத்தில் தன்மயமாக்கம் என்றும், அதுவே கனமாகத் தெரிந்தால் கரைந்துபோதல், கரைத்துக்கொள்ளுதல் என்றும் எழுதலாம். இலங்கைத் தமிழில் உள்ளீர்ப்பு என்று ஒரு நல்ல சொல் உண்டு. ஆனால் ஒருவரை அரசு சேவைக்குள் சேர்த்துக்கொள்வதற்கும் அங்கே அதையே சொல்வதால் இடம் பார்த்துத்தான் கையாள வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ஓரினமாதல் என்பதை மொழியியலுக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள். அதில் வரும் இனம், வல்லினம் மெல்லினத்தில் வரும் இனம். குடியேறிகளைப் பற்றிய ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லைப் போட்டு ஒரு பிரதி என் மேசைக்கு வந்தது. படித்தால் அந்த நாடே கலப்புத் திருமணத்துக்கு ஆள் பிடிக்கிறதோ என்று தோன்றியது.

'தன்மயம்' என்பதில் வரும் 'தன்' யார்?

இதைக் கேட்டவர் ஒரு தமிழாசிரியை. இந்தப் பக்கத்திலேயே நல்ல கேள்வி இதுதான் என்பேன்.

அந்தச் சொல்லை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். தமிழாகப் பார்த்தால் தன் + மயம். வந்ததையெல்லாம் தானாக ஆக்கிக்கொள்வது. சமஸ்கிருதமாகப் பார்த்தால் தத் + மய, 'அது'வாகவே ஆகிப்போவது. கச்சேரியில் ஒருவர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டபடி தன்மயமாகிக் கேட்டார் என்று எழுதுகிறோமே, அங்கே அவர் பாட்டைத் தனதாக்கிக்கொள்ளவில்லை. பாட்டுக்குள் அவர்தான் காணாமல் போய்விட்டார். பாடநூலில் உணவு தன்மயமாகிறது என்றால், உணவு காணாமல் போய் உடம்பு மட்டும் நிற்கிறது. எழுத்துக்கூட்டு ஒன்று, திசை இரண்டு. ஆங்கிலச் சொல்லில் இருக்கும் அதே குழப்பம் தமிழுக்கும் தற்செயலாகக் கிடைத்துவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தத் + மய சேர்ந்து தன்மய ஆனதே ஓர் ஓரினமாதல்: பின்னால் வரும் மூக்கொலி ம, முன்னால் நின்ற த்-ஐயும் மூக்கொலியாக்கிவிட்டது. அசிமிலேஷனின் கதையும் அப்படித்தான். லத்தீனில் அட் என்ற முன்னொட்டு, 'போன்ற' என்று பொருள்படும் சிமிலிஸோடு சேர்ந்தபோது அதன் கடைசி ஒலி ஸ் ஆகிவிட்டது. இரண்டு சொல்லும் தாம் சொல்வதைத் தம் உடம்பிலேயே செய்து காட்டுகின்றன.

ஆதல் என்று எழுதுவதா, ஆக்கல் என்று எழுதுவதா?

நான் வாங்கிய திட்டிலிருந்து தொடங்குகிறேன். பழங்குடிக் குழந்தைகளின் விடுதிப் பள்ளிகளைப் பற்றிய ஓர் அறிக்கை. அதில் வெளிநாட்டு வரலாற்றைச் சொல்லும் பக்கத்தில் 'பாலிசி ஆஃப் அசிமிலேஷன்' என்று வந்தது. 'ஒருங்கிணைப்புக் கொள்கை' என்று எழுதிவிட்டேன். திருத்தியவர் என்னைவிட இருபது வயது மூத்த ஓர் அம்மா. அந்த வரியைச் சிவப்பில் வட்டம் போட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: "புள்ளையோட முடிய வெட்டி, பேர மாத்தி, பேச்ச நிறுத்தினா அதுக்குப் பேரு ஒருங்கிணைப்பா?" சரி என்று 'தன்மயமாதல் கொள்கை' என்று மாற்றினேன். அதற்கும் வட்டம். "தானா ஆச்சா, ஆக்குனாங்களா?"

'தன்மயமாக்கும் கொள்கை' என்று அச்சுக்குப் போனது.

தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தது இங்கேதான் சோறு போடுகிறது. மாறுபவர் தாமே மாறினால் ஆதல். யாரோ மாற்றினால் ஆக்கல். ஆங்கில மூலத்தில் செய்தவர் யார் என்று தெரியாவிட்டால் இரண்டு பத்தி மேலே போய்த் தேடுங்கள். பெரும்பாலும் அங்கே ஓர் அரசோ ஒரு சட்டமோ நின்றுகொண்டிருக்கும். எதுவும் அகப்படவில்லையென்றால், மூலமே மறைக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் 'ஆதல்' போட்டால் மறைப்பதற்கு நாமும் கை கொடுத்தது போலாகும்.

செரித்தல், உட்கிரகித்தல், தன்மயமாதல்: மூன்றும் ஒன்றுதானே?

ஓர் இட்லியின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். வாயில் போட்டதும் உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது. சிறுகுடலுக்குப் போய்ச் சேர்ந்த பின் அரிசியின் மாவுச்சத்து குளுக்கோஸாகவும் உளுந்தின் புரதம் அமினோ அமிலங்களாகவும் பிரிந்துவிடுகின்றன. இதுவரை செரித்தல். அவை குடலுறிஞ்சிகள் வழியாக இரத்தத்துக்குள் போவது உட்கிரகித்தல். இந்தக் கட்டத்திலும் அந்தக் குளுக்கோஸ் வந்து இறங்கிய விருந்தாளிதான். வீட்டு ஆள் ஆகவில்லை. கல்லீரல் அதைக் கிளைக்கோஜனாகக் கோத்துச் சேமித்து வைக்கும்போதும், தசைச் செல் அந்த அமினோ அமிலங்களைக் கொண்டு தன் புரதத்தைக் கட்டும்போதும்தான் தன்மயமாதல் நடக்கிறது. அதற்குப் பிறகு அதில் உளுந்து என்று சொல்ல ஒன்றும் இல்லை. மனிதத் தசையில் இருப்பது மனிதத் தசைப் புரதம்.

தேர்வு எழுதும் பிள்ளைகள் பின்னிரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள். குடல் சுவரைத் தாண்டுவது உட்கிரகித்தல், செல்லின் சொந்தப் பொருளாவது தன்மயமாதல் என்று நினைவு வைத்தால் போதும்.

செடிக்கும் இது உண்டா?

உண்டு. வேர் நைட்ரேட்டை எடுத்துக்கொள்வது உறிஞ்சுதல். அதைச் செடி நைட்ரைட்டாக்கி, அம்மோனியமாக்கி, கடைசியில் அமினோ அமிலமாக்கிக்கொள்வது நைட்ரஜன் தன்மயமாதல். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஒளிச்சேர்க்கையில் சர்க்கரையாவதைக் கார்பன் தன்மயமாதல் என்கிறார்கள். யூரியா மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன் என்று போட்டிருக்கும். அதில் கொஞ்சம் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும், கொஞ்சம் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். பயிரே ஆகிவிட்ட பங்கு மட்டும்தான் இந்தச் சொல்லுக்குள் வரும்.

ஓரினமாதல் என்பது நம் இலக்கணத்தில் இருக்கிறதா, மேல்நாட்டார் சொல்லிக் கொடுத்ததா?

பெயர் புதியது, விஷயம் நமக்கு மிகப் பழையது. புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று விகாரம் படித்தோமே, அதில் திரிதலுக்குள் இது பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

பொன் + குடம் = பொற்குடம். நிலைமொழியின் ன் மெல்லினம், வருமொழியின் க் வல்லினம். ன் தன் மூக்கொலியை விட்டுவிட்டு ற் என்று வல்லினமாகிவிட்டது. க் ஓர் இம்மிகூட நகரவில்லை.

கண் + நீர் = கண்ணீர். இங்கே நேர்மாறு. முன்னால் நிற்கும் ண் அசையவில்லை; வந்து சேர்ந்த ந் தன் இடத்தை விட்டு ண் ஆகிவிட்டது.

நல் + நூல் = நன்னூல். இதைக் கொஞ்சம் நிதானமாக வாயில் சொல்லிப் பாருங்கள். ல் மூக்கொலியாகி ன் ஆயிற்று. அந்த மூக்கொலியை ந்-இடமிருந்து வாங்கியது. ந் பல்லை விட்டு ல் பிறக்கும் இடத்துக்கு நகர்ந்து ன் ஆயிற்று. அந்த இடத்தை ல் கொடுத்தது. இரண்டும் எதையோ விட்டன, இரண்டும் எதையோ வைத்துக்கொண்டன. பவணந்தி முனிவரின் இலக்கண நூலுக்கு வைத்த பெயரே இந்த விதிக்கு எடுத்துக்காட்டாக நிற்கிறது.

நிலைமொழி மாறுவது, வருமொழி மாறுவது, இருவரும் மாறுவது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மனிதர்களைப் பற்றிப் பேசும்போது உதவும். வள்ளுவர் 452-ஆம் குறளில் நிலத்தின் இயல்பால் நீர் திரிவது போல, சேர்ந்த இனத்தின் இயல்பால் மனிதரின் அறிவும் ஆகும் என்கிறார். 'நீர்திரிந்து' என்ற அவருடைய சொல்லும் இலக்கணத்தின் திரிதலும் ஒன்றே.

'அடித்தான்' எப்படி 'அடிச்சான்' ஆயிற்று? சோம்பேறித்தனமா?

நாக்கின் சிக்கனம். படித்தான் படிச்சான் ஆகிறது, வைத்தான் வச்சான் ஆகிறது. ஆனால் கொடுத்தான் 'கொடுச்சான்' ஆவதில்லை, எடுத்தான் 'எடுச்சான்' ஆவதில்லை. முன்னால் இ, ஐ, ய் போன்றவை இருந்தால்தான் த் ச் ஆகிறது. இ சொல்லும்போதே நாக்கு அண்ணத்தை நோக்கி எழும்பி நிற்கிறது. அங்கிருந்து பல்லுக்கு இறங்குவதைவிட ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஐந்து அஞ்சு ஆனதும் இதே வழியில்தான். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்கூட இந்த விதியில் தவறுவதில்லை. இதைப் போய்க் கொச்சை என்று ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை.

வேற்றுமொழிச் சொல் தமிழாகிவிடுவதும் அசிமிலேஷனா?

ஆம். வடசொல்லை எடுத்தால் வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருத்திக்கொள் என்று தொல்காப்பியமே வழி சொல்லிவிட்டது. சாவி, ஜன்னல், அலமாரி, மேஜை எல்லாம் போர்த்துகீசியரிடமிருந்து வந்தவை. துட்டும் கக்கூஸும் டச்சுக்காரரிடமிருந்து. "சாவிக்கொத்த எங்க வச்ச?" என்று வீட்டில் சத்தம் போடும் யாருக்கும் தாம் பாதி போர்த்துகீசியம் பேசுவது தெரியாது. ஃப்ரிட்ஜ் அப்படி ஆகவில்லை. எழுத்தில் இன்னும் ஆய்தத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறது. பேச்சு எழுத்தைவிட வேகம். 'பஸ்ஸு', 'காரு' என்று ஓர் உகரத்தை ஒட்டி வாய் எப்போதோ வேலையை முடித்துவிட்டது.

பியாஜே சொல்லும் அசிமிலேஷன், அக்காமடேஷன் இரண்டையும் எளிதாக விளக்க முடியுமா?

ழான் பியாஜே (1896–1980) சுவிட்சர்லாந்துக்காரர்; இளமையில் நத்தை, சிப்பி போன்ற மெல்லுடலிகளை ஆராய்ந்தவர். அதனால் உயிரியல் சொல்லைக் குழந்தையின் அறிவுக்கு எடுத்து வைத்ததில் வியப்பில்லை.

என் அக்கா மகள் ஒன்றரை வயதில் நாலு கால் உள்ள எல்லாவற்றையும் 'தோதோ' என்றாள். நாய் தோதோ, ஆடு தோதோ, ஒருநாள் திண்ணையில் கிடந்த முக்காலிக்குப் பக்கத்தில் போய் அதையும் தடவிக்கொடுத்தாள் (கால் எண்ணத் தெரியாத வயது). புதிதாகப் பார்த்ததைத் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பெட்டிக்குள் போட்டுக்கொள்வது தன்வயமாக்கல். ஒருநாள் மாடு ஒன்று தலையை ஆட்டி 'அம்மா' என்று கத்தியது. அவள் விதிர்த்துப்போய் அதையே பார்த்தாள். பெட்டி பற்றவில்லை. அடுத்த வாரம் 'ம்மா' என்று ஒரு புதுப் பெட்டி வந்தது. வந்த பொருளுக்காகத் தன் பெட்டியை மாற்றிக்கொள்வது அக்காமடேஷன். தமிழில் இதற்குப் பொருந்திக்கொள்ளுதல், இணக்கம் என்று பலவாறு எழுதுகிறார்கள். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். நான் ஒருமுறை திருத்திய பிரதியில் இருந்தது போல 'தங்குமிட வசதி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இன்டக்ரேஷன், அக்கல்ச்சரேஷன், அசிமிலேஷன்: எப்படிப் பிரிப்பது?

அக்கல்ச்சரேஷன் என்பது இரண்டு பண்பாடுகள் பக்கத்தில் வாழ்ந்து ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்துக்கொள்வது, பண்பாட்டேற்றம் என்கிறோம். மற்ற இரண்டுக்கும் கனடாவின் உளவியலாளர் ஜான் பெர்ரி இரண்டு கேள்விகளால் கோடு போட்டார். குடியேறியவர் தன் பழைய அடையாளத்தை வைத்துக்கொள்கிறாரா? புதிய சமூகத்தோடு கலந்து பழகுகிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஒருங்கிணைதல். முதலாவதற்கு இல்லை, இரண்டாவதற்கு ஆம் என்றால் தன்மயமாதல். முதலாவதற்கு மட்டும் ஆம் என்றால் ஒதுங்கி வாழ்தல். இரண்டும் இல்லையென்றால் ஓரங்கட்டப்படுதல்.

தாளில் இது அழகாக இருக்கிறது. வாழ்க்கையில் இன்னொரு கேள்வியும் வரும்: கலந்து பழக எதிராளி விடுகிறாரா? அமெரிக்கச் சமூகவியலாளர் மில்டன் கார்டன் 1964-இல் இதைத்தான் பிரித்துக் காட்டினார். அவர்களைப் போலப் பேசவும் உடுக்கவும் கற்றுக்கொள்வது பண்பாட்டளவிலான தன்மயமாதல். அவர்களுடைய சங்கங்களிலும் நட்பு வட்டங்களிலும் இடம் கிடைப்பது கட்டமைப்பளவிலானது. முன்னது நடந்தால் பின்னதும் நடந்துவிடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 1966-இல் பிரிட்டன் உள்துறை அமைச்சராக இருந்த ராய் ஜென்கின்ஸ், எல்லாரையும் ஒரே அச்சில் தட்டையாக்குவது தமக்கு ஒருங்கிணைப்பு ஆகாது என்றும், சம வாய்ப்போடு பண்பாட்டுப் பன்மையும் இருக்க வேண்டும் என்றும் பேசினார். இரண்டு சொல்லும் அரசியலில் எதிரெதிர் அணியில் நிற்கத் தொடங்கியதை அந்தப் பேச்சில் தெளிவாகப் பார்க்கலாம்.

மதுரைக்குப் போனால் ஒருங்கிணைதலைக் கண்ணால் பார்க்கலாம். தெருவில் நம்மோடு மதுரைத் தமிழ் பேசும் சௌராஷ்டிரர், வீட்டு வாசற்படி தாண்டியதும் சௌராஷ்டிர மொழிக்கு மாறிவிடுவார். பல நூறு ஆண்டுகளாக இப்படித்தான்.

இது ஏன் கெட்ட வார்த்தை போல ஆகிவிட்டது?

அரசுகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டதால். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1879-இல் கார்லைல் என்ற ஊரில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி தொடங்கப்பட்டது; 1918 வரை நடந்தது. நிறுவியவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி. 'அவனுக்குள் இருக்கும் இந்தியனைக் கொல், மனிதனைக் காப்பாற்று' (அங்கே இந்தியன் என்றால் அமெரிக்கப் பூர்வகுடி) என்று 1892-இல் அவர் சொன்னதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் உறைக்கிறது.

முதல் அணியில் போன, லக்கோட்டா என்ற பூர்வகுடியைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் பின்னாளில் தன் அனுபவத்தை எழுதினான். வகுப்புக்குள் போனால் கரும்பலகை நிறைய வெள்ளைக் கோடுகள். அவை எழுத்து என்பதே அவனுக்குத் தெரியாது. கையில் ஒரு குச்சியைக் கொடுத்து ஏதாவது ஒன்றைத் தொடச் சொன்னார்கள். தொட்டான். அது ஒரு வெள்ளைக்காரப் பெயர். அதை எழுதிச் சட்டையில் தைத்தார்கள். ஓட்டா க்டே என்ற அந்தச் சிறுவன் அன்றிலிருந்து லூதர். உலகம் அவரை லூதர் ஸ்டாண்டிங் பேர் என்று அறியும்.

கனடாவில் இத்தகைய உறைவிடப் பள்ளிகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். 2008 ஜூன் 11-இல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2015-இல் உண்மை, நல்லிணக்க ஆணையம் அதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே எழுதியது. ஆஸ்திரேலியாவில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட தலைமுறைகளிடம் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டதும் 2008-இல்தான், பிப்ரவரி 13 அன்று. பூர்வகுடிகள் உரிமை பற்றிய ஐ.நா. பிரகடனம் (2007), எட்டாவது கூறில், கட்டாயத் தன்மயமாக்கலுக்கு ஆளாகாமல் இருப்பதை ஓர் உரிமையாகவே வைத்திருக்கிறது. அதை மொழிபெயர்க்கும்போது 'ஆதல்' போட்டால் அந்த வரியே செத்துப்போகும்.

அப்படியானால் தானாக விரும்பி ஏற்றவர்களே இல்லையா?

இருக்கிறார்கள், நம் பக்கத்திலேயே. புதுச்சேரியில் 1873-இல் பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் காலணியோடு வரக் கூடாது என்று தடுத்தார்கள். அவர் விடாமல் பாரிஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார். 1881 செப்டம்பர் 21-இல் ஓர் ஆணை வந்தது: விரும்புகிற இந்தியர் தம் சாதி, சமய வழக்கச் சட்டங்களைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வந்து, ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். இப்படித் துறந்தவர்களை ரெனோன்சான் என்றார்கள். பொன்னுத்தம்பி தேர்ந்துகொண்ட பெயர் லப்போர்த். பிரெஞ்சில் 'கதவு' என்று பொருள்.

இவர்களை வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தவர்கள் என்று ஒரு வரியில் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. சாதி உள்ளே விடாத இடத்துக்குச் சட்டம் வழியாகப் போக அது ஒரு வாசலாகத் தெரிந்தவர்களும் அதில் இருந்தார்கள். அதே நேரம், அந்த வாசலில் நுழைவதற்குக் கட்டணமாகத் தன் பெயரையே கேட்ட ஓர் அரசும் அதில் இருக்கிறது. இங்கே ஆதலும் ஆக்கலும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடக்கின்றன. இந்த இடத்தில் 'பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள்' என்று நடந்ததைச் சொல்லிவிட்டுப் போவதே நல்லது.

தமிழர்கள் வேறு சமூகத்தில் முழுக்கக் கரைந்துபோன இடங்கள் உண்டா?

'முழுக்க' என்பதுதான் கஷ்டம். ஒன்று போகும், ஒன்று நிற்கும்.

மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்குப் போய் அங்கேயே மணம் செய்து தங்கிய தமிழரின் வழியினர். வீட்டில் பேசுவது மலாய், உடையும் சமையலும் மலாய்ச் சாயல். சமயம் மட்டும் சைவம்; 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. பொங்கல் வைப்பார்கள், போகிக்கு முன்னோருக்குப் படையல் போடுவார்கள், அதைப் பற்றிப் பேசுவது மலாயில்.

இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸின் கையில் உள்ள ரீயூனியன் தீவில் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பிள்ளைகள் தேவாலயத்தில் ஞானஸ்நானமும் பெறுகிறார்கள், தீமிதியும் இறங்குகிறார்கள். ராமசாமியும் வீரபிள்ளையும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் குடும்பப் பெயராக நிற்கின்றன; தமிழ் அன்றாடப் பேச்சிலிருந்து போய்விட்டது. அந்தத் தீவை மார்தினிக், குவாதலூப், பிரெஞ்சு கயானாவோடு பிரான்ஸின் மாவட்டங்களாக்கிய 1946 மார்ச் 19 சட்டத்தைப் பேச்சில் 'அசிமிலேஷன் சட்டம்' என்றே சொன்னார்கள். அதை நாடாளுமன்றத்தில் முன்வைத்துப் பேசியவர் மார்தினிக்கின் கவிஞர் எமே செசேர். அன்றைக்கு அந்தச் சொல்லுக்குப் பொருள் சம உரிமை, சம கூலி. பின்னாளில் அவரே அதன் மறுபக்கத்தைக் கடுமையாகச் சாடினார்.

இலங்கையில் நீர்கொழும்பு, சிலாபம் கரையோரக் கத்தோலிக்க மீனவர் பலர் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தின் வழியாக. சமயம் அப்படியே, மொழி மாறியது. மலாக்காவிலும் அதேதான். மொழியைப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள், சாமியைப் பெரியவர்கள் விடுவதில்லை.

சமஸ்கிருதமயமாக்கமும் இதுதானா?

உறவுக்காரர், ஆனால் ஒரே ஆள் இல்லை. எம்.என். சீனிவாஸ் 1952-இல் குடகு மக்களைப் பற்றிய நூலில் விளக்கியது இது: படிநிலையில் கீழே வைக்கப்பட்ட ஒரு சாதி, மேலே உள்ளவர்களின் சடங்கையும் உணவையும் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டு தன் இடத்தை உயர்த்தப் பார்ப்பது. மேல்சாதிக்குள் கரைந்துபோவது இங்கே நோக்கமில்லை. ஏணியில் ஒரு படி ஏறினால் போதும். ஏணி அப்படியே இருக்கும்.

வானிலைச் செய்தியில் 'டேட்டா அசிமிலேஷன்' என்கிறார்களே?

ரேடார், செயற்கைக்கோள், கடல் மிதவை தரும் அளவீடுகளைக் கணினி மாதிரிக்குள் செலுத்தி, மாதிரியின் கணிப்பை நடப்புக்கு நெருக்கமாகத் திருத்துவது. தரவு உள்ளீர்ப்பு என்று எழுதுகிறேன். 'தரவு தன்மயமாதல்' என்று எழுதினால் தரவு தியானத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

அசிமிலேஷனுக்கும் அசெம்ப்ளிக்கும் சம்பந்தம் உண்டா? ஒலி ஒத்திருக்கிறதே.

உண்டு. 'சேர்ந்து' என்று பொருள்படும் லத்தீன் சிமுல் வழியாக வந்தது அசெம்ப்ளி. 'போன்ற' என்ற சிமிலிஸ் வழியாக வந்தது அசிமிலேஷன். இரண்டும் ஒரே குடும்பம். சிமுலேஷனும் உவமையைக் குறிக்கும் சிமிலியும் அதே வீட்டுப் பிள்ளைகள். ஃபேக்ஸும்தான்: ஃபாக் சிமிலே, 'அதே போலச் செய்' என்பதன் தேய்ந்த வடிவம். இன்னும் பின்னால் போனால் 'ஒன்று, சேர்ந்து' என்ற பழைய இந்தோ-ஐரோப்பிய வேரில் சமஸ்கிருதத்தின் சமவும் வந்து நிற்கிறது. அதாவது நாம் நாள்தோறும் சொல்லும் சமம். அதை வேற்றுமொழிச் சொல் என்று யாரும் இப்போது நினைப்பதில்லை. கடைக்காரர் பருப்பை நிறுத்துவிட்டு "சமமா இருக்கு பாருங்க" என்கிறார், நாமும் தராசு முள்ளைத்தான் பார்க்கிறோம்.